வெந்நீர்ப் பையும் நாலு றெக்கையும்

ஏணி, ஏணியில் ஏறுவதை விட்டு ரொம்ப நாளாச்சு என்பது அவர் பெண்டாட்டிக்குக் கடைசியாகத்தான் தெரிந்தது. ஊருக்கெல்லாம் தெரிந்து அவளுக்கு மட்டும் தெரியாமல் போச்சு என்று நினைக்க வேண்டாம். ஊருக்கும் தெரியாது. முதலில் தெரிந்தது ஹெலிகாப்டருக்குத்தான்.

கடலோரத்தில் ஒரு தகர ஷெட். ஷெட்டுக்கு முன்னால் சிமெண்டுத் தளம், தளத்தில் இரண்டு ஹெலிகாப்டர். எதிரே கண்ணுக்குத் தெரிகிற தீவுகளுக்கு மருந்து, தபால், வலி எடுத்த பிள்ளைத்தாய்ச்சி, பல்லைப் பிடித்துக்கொண்டு அழுகிறவன் என்று எதையாவது ஏற்றிக்கொண்டு போவதும் வருவதுமாக இருக்கும். கடல் காற்றில் பறந்தால் உப்பு ஏறாமல் இருக்குமா? தலைக்கு மேலே சுற்றுகிற நாலு றெக்கையிலும் உப்பு படியும். பூச்சிகள் வேறு மோதிச் செத்து, வெயிலில் காய்ந்து, கோந்து மாதிரி ஒட்டிக்கொள்ளும். அன்றன்றைக்குப் பறந்து முடித்ததும் நல்ல தண்ணீரில் அதைத் துடைத்தெடுக்க வேண்டும். துடைக்கிற ஆள் எந்நேரமும் ஏணி மேலேயே நின்றதால் யாரோ ஒரு நாள் ‘ஏணி’ என்று கூப்பிட்டார்கள். மனுஷன் ஆளும் ஒல்லி, நெட்டை. பேர் ஒட்டிக்கொண்டது.

அவர் பெண்டாட்டி வீட்டு முன்னறையில் சீட்டு தைக்கிறவள். பஸ் சீட்டு, சலூன் நாற்காலி, டாக்டர் வீட்டுச் சோபா, எது கிழிந்தாலும் இங்கேதான் வரும். அறை பூரா ஸ்பாஞ்சும் ரெக்சினும் பசை வாசமும். வளைந்த ஊசியை உதட்டில் கவ்விக்கொண்டே வாடிக்கையாளரோடு பேசுவாள், பேச்சும் அந்த ஊசி மாதிரியே வளைந்து வந்து குத்தும். அதனால் அவள் ஊசியக்கா. ஏணிக்கு ஊசி என்று தெருவில் சிரிக்காத நாள் கிடையாது. அவளும் சேர்ந்துதான் சிரிப்பாள்.

காற்று மாதம் தொடங்கிய சமயத்தில் ஏணி கீழே விழுந்தார். றெக்கையைத் துடைக்கும் முன்னால் அதன் நுனியில் பட்டையை மாட்டிக் கீழே இழுத்துக் கட்ட வேண்டும். அன்றைக்கு அவசரத்தில் கட்டவில்லை. திடீரென்று அடித்த காற்றில் றெக்கை நகர்ந்தது. அதில் சாய்ந்திருந்த ஏணி நகர்ந்தது. மேலே இருந்த ஏணியும் வந்தார். இடுப்பிலும் முதுகிலும் நல்ல அடி. படுக்கையில் கிடந்து, எழுந்து, சுவரைப் பிடித்து நடந்து, பிறகு சுவரை விட்டு நடந்து, ஒரு வழியாக வேலைக்கும் போய்விட்டார். பிழைத்தாரே, அது போதும் என்று ஊசியக்காவும் மெஷினை மிதிக்க உட்கார்ந்துவிட்டாள்.

இந்த லட்சணத்தில்தான் ஒரு மத்தியானம் ஷெட்டிலிருந்து இன்ஜினியர் பெண் வந்து வாசலில் நின்றாள். சின்ன வயசு, சிரித்த முகம். அன்றைக்குச் சிரிப்பில்லை.

“அக்கா, அண்ணன் இருக்காரா?”

“நல்லாக் கேட்டம்மா. அண்ணன் உங்கிட்டல்ல இருக்கணும்?”

“டீ குடிச்சிட்டு வரேன்னு போனார். இன்னும் வரலை.”

“அப்ப எங்கயோ கதையளந்துட்டு நிப்பார். என்ன விஷயம், சொல்லு.”

அந்தப் பெண் சொல்லவா வேண்டாமா என்று ஒரு கிழிந்த சீட்டைத் தடவிக்கொண்டே நின்றாள். “வண்டி மேல போனதும் உதறுதுன்னு கேப்டன் சொல்லிட்டே இருந்தார்க்கா. இன்னிக்கு நானே ஏறிப் பார்த்தேன். றெக்கை நுனி கண்ணாடி மாதிரி இருக்கு. உள்பக்கம், நடுத் தண்டுக்குக் கிட்ட, உப்பு பொருக்குத் தட்டிக் கிடக்கு. துடைச்சே பல நாள் இருக்கும்.”

ஊசியக்கா உதட்டிலிருந்த ஊசியை எடுத்துத் துணியில் செருகினாள். நிற்கிற ஹெலிகாப்டரின் றெக்கை நுனிப் பக்கம் தொங்கும், தண்டுப் பக்கம் உயரமாக இருக்கும் என்பது அவளுக்குத் தெரியும். நுனி ஒரு முக்காலி போட்டால் எட்டும். தண்டுக்குப் பக்கத்தில் போக ஏணி வேண்டும். வேறு ஒன்றும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

“நீ போம்மா. வரட்டும், கேக்கறேன்” என்றாள்.

சாயங்காலம் ஏணி ஒன்றும் தெரியாதவர் மாதிரி வந்து, கை கால் கழுவி, சாப்பிட உட்கார்ந்தார். வறுத்த மீனும் ரொட்டியும். கூட உட்கார்ந்திருந்தவர் அவருடைய அக்கா. ஆஸ்பத்திரியின் துணி வெளுக்கும் பகுதியில் வேலை. ஒரு துணியில் கறை இருந்தால் அது ரத்தமா, மருந்தா, சாப்பாடா என்று தூரத்திலிருந்தே சொல்லிவிடுவார். டாக்டர்களே அவரைப் பார்த்தால் கோட்டுப் பையை மூடிக்கொள்வார்கள்.

“இன்னிக்கு வேலை எப்படி?” என்றாள் ஊசியக்கா.

“எப்பவும் போல.”

“ஏணியில ஏறினீங்களா?”

“ஏறாம? அது என்ன கேள்வி?”

“டேய் தம்பி” என்றார் அக்கா, மீன் முள்ளை ஒதுக்கிக்கொண்டே, “இவ இவ்வளவு மெதுவாப் பேசறான்னா ஏதோ தெரிஞ்சிக்கிட்டுத்தான் பேசறா. பூசி மெழுகாம சொல்லிடு.”

ஏணி ரொட்டியைத் தட்டில் வைத்தார். முகத்தில் ஈயாடவில்லை.

“ரெண்டு படி ஏறுவேன். மூணாவது படியில கால் வச்சா முட்டி ஆட ஆரம்பிச்சிடும். கால் ரெண்டும் என்னோடதே இல்லங்கற மாதிரி. யாரும் பார்க்கறதுக்கு முன்னாடி இறங்கிடுவேன். கைக்கு எட்டின வரைக்கும் துடைச்சிட்டு, போய்க் கடல் சுவர்ல உட்கார்ந்திருப்பேன்.”

“எங்கிட்டச் சொல்றதுக்கு என்ன?”

“என்னன்னு சொல்றது? எம்பேரே ஏணி. ஏணிக்கு ஏணின்னா பயம்னு ஊரெல்லாம் சிரிக்கறதுக்கா?”

ஊசியக்காவுக்குக் கோபம் மூக்கு வரை வந்ததுதான். அழுகையும் கூடவே வந்ததால் எதை முதலில் விடுவது என்று தெரியாமல் எழுந்து போய்த் தண்ணீர்ச் செம்பைக் கொண்டுவந்து வைத்தாள்.

ஏணிக்குப் போய்விட்ட உயிர் கொஞ்சம் திரும்பியது. “மாசக் கடைசியில மேலிடத்திலேருந்து சோதிக்க வருவாங்க. அதுவரைக்கும் தானே ஏறித் துடைக்கறேன்னு அந்தப் பொண்ணு கிளம்பறப்ப என்னைப் பிடிச்சுச் சொல்லிட்டா. நல்ல பொண்ணு. அதுக்கப்புறம் என்னைக் கேட்டுக்கு மாத்திடுவாங்க. வண்டி வந்தா கம்பைத் தூக்கணும், போனா இறக்கணும். சம்பளமெல்லாம் அதேதான். ஆனா அந்த நாலு றெக்கையை இன்னொருத்தன் தொடறதைக் கேட்ல உட்கார்ந்து பார்த்துட்டிருக்கணுமே.”

சொல்லும்போது குரல் உடைந்துவிட்டது. கல்யாணமான நாளிலிருந்து அந்த மனுஷன் குரல் உடைந்து அவள் கேட்டதில்லை. விழுந்த அன்றைக்குக்கூட “சட்டை கிழிஞ்சிடுச்சு பாரு” என்றுதான் சொன்னார்.

“கால் தரையில இருந்தா துடைப்பீங்கதானே?” என்றாள்.

“தரையிலேருந்து எட்டாதே.”

“எட்ட வைக்கறது என் பாடு. சாப்பிடுங்க.”

மறுநாளே வேலை ஆரம்பம். நீளமான அலுமினியக் குழாய் ஒன்றின் முனையில் ஸ்பாஞ்சைச் சுற்றிக் கட்டி ஷெட்டுக்குக் கொடுத்தனுப்பினாள். கேட்டால் நல்ல யோசனைதான். தூக்கிப் பார்த்தால்தான் தெரிந்தது. தண்ணீர் குடித்த ஸ்பாஞ்சு கல்லாய்க் கனத்தது, குழாய் வளைந்து ஆடியது, ஸ்பாஞ்சு றெக்கையின் அடியை மட்டும் தடவிவிட்டு ஏணியின் தலையில் உப்புத் தண்ணீரை ஊற்றியது. தலை முதல் கால் வரை நனைந்து வீட்டுக்கு வந்தவரைப் பார்த்து அக்கா, “ஒட்டடை அடிக்கப் போனியா, குளிக்கப் போனியா?” என்றார்.

இன்ஜினியர் பெண் அதைப் பார்த்துச் சிரிக்கவில்லை. ஷெட்டு மூலையில் கழித்துப்போட்ட பழைய றெக்கையிலிருந்து முழங்கை நீளத்துக்கு ஒரு துண்டு கிடந்தது. அதை எடுத்துக்கொண்டு வீட்டுக்கே வந்துவிட்டாள்.

“வண்டியில அளவெடுக்கறது கஷ்டம்க்கா. இதை வச்சுப் பாருங்க. முன்பக்கம் உருண்டையா இருக்கு பாருங்க, இது மூக்கு. பூச்சியெல்லாம் இங்கதான் மோதும். பின்பக்கம் போகப்போக மெலிஞ்சு கத்தி மாதிரி ஆயிடும்.”

அந்தத் துண்டு சமையலறை மேஜையில் குடியேறியது. டீ தம்ளர் அதன் மேல், கத்திரிக்கோல் அதன் மேல். ஊசியக்கா வேலையாகப் போகும்போதும் வரும்போதும் அதைத் தடவிப் பார்த்துக்கொண்டாள். கடைசியில் அவள் தைத்தது ஓர் உறை. உள்ளே மெல்லிய ஸ்பாஞ்சு, வெளியே ரெக்சின், றெக்கையை முழுக்கக் கவ்விப் பிடிக்கும். ஒரு முனையில் குழாய், மறு முனையில் கயிறு. நுனியில் மாட்டித் தண்டு வரை தள்ளிவிட்டு, கயிற்றைப் பிடித்துத் திரும்ப இழுத்தால் மேலும் கீழும் ஒரே இழுப்பில் துடைத்துக்கொண்டு வரும். சீட்டு தைக்கிறவளுக்குச் சுருக்கம் என்றால் ஆகாது. அந்த உறையைத் துண்டின் மேல் மாட்டியபோது எறும்பு நுழைய இடமில்லை. அவளுக்கே ஒரு கர்வம் வந்தது என்று சொல்ல வேண்டும்.

அவள் கடைக்கு லீவு போட்டுவிட்டு ஷெட்டுக்குப் போனாள். பட்டையைக் கட்டி, முக்காலியில் நின்று உறையை நுனியில் மாட்டினார் ஏணி. தரைக்கு இறங்கிக் குழாயைத் தள்ளினார். வழுக்கிக்கொண்டு போனது. என்ன அழகு! இரண்டு கால்களும் சிமெண்டில் அழுந்தி நிற்க, கழுத்தை அண்ணாந்து, வாய் கொள்ளாத சிரிப்போடு அவர் பெண்டாட்டியைத் திரும்பிப் பார்த்தார். அந்தச் சமயம் பார்த்து மேலே ‘டக்’ என்று ஒரு சத்தம்.

இன்ஜினியர் பெண் ஏறிப் பார்த்தாள்.

“காது மடங்கிடுச்சு” என்றாள்.

றெக்கையின் பின் விளிம்பில், நுனியிலிருந்து கொஞ்சம் உள்ளே, தீப்பெட்டி அகலத்தில் ஒரு தகடு நீட்டிக்கொண்டிருக்கும். அதைத்தான் அவர்கள் காது என்பார்கள். ஒவ்வொரு காதையும் இத்தனை வளைவு என்று வைத்துத்தான் நாலு றெக்கையையும் ஒரே மட்டத்தில் சுற்ற வைப்பது. காது கோணினால் வண்டி உதறும். மேஜையில் கிடந்த துண்டில் காது இல்லை. ஊசியக்கா காதையே பார்த்ததில்லை.

அன்றைக்கு அந்த வண்டி போகவில்லை. இன்னொரு வண்டிதான் கூட இரண்டு நடை அடித்தது. கேப்டன் வந்து இடுப்பில் கை வைத்துக்கொண்டு மேலே பார்த்தார். ஊசியக்காவுக்குத் தலை நிமிரவில்லை.

“சரி விடுங்கம்மா. தகடு, நிமிர்த்திடலாம். இவரை நிமிர்த்தத்தான் ரொம்ப நாளாச்சு” என்றார் கேப்டன். பிறகு இன்ஜினியர் பெண்ணிடம், “ஆனா இனிமே உனக்கு முழுசாத் திருப்தி ஆகாம எதையும் றெக்கையில மாட்டக்கூடாது. மனசிலாச்சா?” என்றார். நியாயம்தானே.

ஊசியக்கா வீடு வரை விறுவிறுவென்று முன்னால் நடந்தாள். கதவைச் சாத்தியதும் வெடித்தாள்.

“காதுன்னு ஒண்ணு இருக்கறது உங்களுக்குத் தெரியுமா தெரியாதா?”

“தெரியும்.”

“இத்தனை நாளா அந்தத் துண்டைச் சுத்திச்சுத்தி வரேன். பக்கத்துல உட்கார்ந்து டீ குடிக்கறீங்க. ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை சொன்னா வாயில முத்தா உதிர்ந்துடும்?”

ஏணி கையை விரித்துப் பார்த்தார். “சொல்லணும்னே தோணலைடி. சத்தியமா. என் கை அந்த இடத்துக்கு வந்தா தானாத் தூக்கிக்கும். தூக்குதுன்னே எனக்குத் தெரியாது. இன்னிக்கு ‘டக்’குனு கேட்டப்பதான், அட, அங்க நான் எப்பவும் கையைத் தூக்குவேனேன்னு ஞாபகம் வருது.”

“நல்லாயிருக்கு நியாயம்” என்றார் அக்கா. “நடக்கறவன்கிட்ட எந்தக் காலை முதல்ல வைக்கறன்னு கேட்டா அவனும்தான் முழிப்பான். திட்டறதை நிறுத்திட்டு அவன் கை என்னென்ன பண்ணுதுன்னு பாருடி. அவன் வாயில இருக்கறதை விட அங்கதான் நிறைய இருக்கு.”

அதுவும் சரிதான் என்று பட்டது ஊசியக்காவுக்கு. அக்காவின் இஸ்திரி மேஜையைக் கூடத்தில் நீளமாகப் போட்டார்கள். அதன் மேல் ஈரத் துணி. “இதான் றெக்கைன்னு நினைச்சுக்குங்க. கண்ணை மூடிட்டுத் துடைங்க. ஒண்ணு முடிஞ்சா அடுத்தது. நாலும்” என்றாள். ஏணி அசடு வழியச் சிரித்துவிட்டு ஆரம்பித்தார். சிரிப்பு சீக்கிரமே போய்விட்டது, முகம் வேலை செய்கிற முகமாகியது. மேஜையின் ஓரிடத்தில், ஒன்றுமே இல்லாத இடத்தில், கை ஒரு துள்ளுத் துள்ளித் தாண்டியது. அடுத்த முறையும் அதே இடத்தில். அதைப் பார்த்து ஊசியக்காவுக்குச் சிரிப்பு பொங்கிவிட்டது. ஆனால் இன்னொன்றையும் பார்த்தாள். முதல் றெக்கையில் மேஜைக் கால் கிறீச்சிட்டது. மூன்றாவதில் சத்தம் குறைந்தது. நாலாவதில் கை சும்மா தடவிக்கொண்டு போனது.

மறுநாள் இதைச் சொன்னதும் இன்ஜினியர் பெண் நெற்றியில் அடித்துக்கொண்டாள். “அக்கா, அண்ணன் விழறதுக்கு முன்னாடியே கேப்டன் சொல்வார், சாயங்கால நடையில லேசா உதறுதுன்னு. நாலாவதுல எப்பவுமே கொஞ்சம் அழுக்கு மிச்சம் இருந்திருக்கு. தரையில நின்னு துடைச்சா மட்டும் போதாது. நாலும் ஒரே மாதிரி துடைக்கணும். காதையும் தொடக்கூடாது. இதுக்கு வழி சொல்லுங்க, நான் கையெழுத்துப் போடறேன்.”

“ஸ்பிரிங் வச்சா?”

“கொஞ்ச நாள்ல உப்பு தின்னுடும்.”

“அப்ப நீயே ஒண்ணு சொல்லேன்.”

“எனக்கும் தெரியலைக்கா” என்றாள் அந்தப் பெண் வெள்ளந்தியாக. இரண்டு பேரும் ஆளுக்கொரு டீயைக் குடித்துவிட்டு அந்தத் துண்டையே முறைத்துக்கொண்டிருந்தார்கள். மாசக் கடைசியோ நெருங்கிக்கொண்டிருந்தது.

சாயங்காலமானால் ஏணியின் முதுகுக்கு வைத்தியம் உண்டு. முதலில் ஊசியக்கா எண்ணெய் தேய்த்துவிடுவாள். பிறகு வெந்நீர்ப் பை. சிவப்பு ரப்பர் பை, அக்கா ஆஸ்பத்திரிக் கடையில் வாங்கிவந்தது. அன்றைக்கு அவள் நினைப்பெல்லாம் றெக்கையில்.

“அம்மாடி! மெதுவா, எலும்பு இருக்கு உள்ள” என்றார் ஏணி, குப்புறப் படுத்தபடி.

“எப்பவும் போலத்தானே தேய்க்கறேன்.”

“எப்பவும் போலவா? உனக்குக் கோபம்னா என் முதுகுக்குத்தான் முதல்ல தெரியும். சந்தோஷமா இருந்தா பூ மாதிரி இருக்கும். ஏதாவது யோசிச்சிட்டு இருந்தேன்னா ஒரே இடத்தைத் தேய்ச்சுத் தோலை எடுத்துடுவே. முந்தாநாள் அந்தச் சலூன்காரன் வந்து சத்தம் போட்டுட்டுப் போனான்ல, அந்த அடியெல்லாம் நான் வாங்கினேன்.”

“அப்ப வேண்டாம்னு சொல்லிடுங்க. பையை மட்டும் வச்சு விட்டுடறேன்.”

“பைக்கு ஏது கோபதாபம்? தினமும் ஒரே மாதிரிதான் உட்காரும். அது பாட்டுக்குக் கிடக்கும்.”

ஊசியக்காவின் கை அப்படியே நின்றது.

“என்ன சொன்னீங்க?”

“என்ன சொன்னேன்? ஒண்ணும் சொல்லலையே. மறுபடியும் கோபமா?”

அவள் எழுந்து போய்ப் பையை எடுத்துவந்தாள். சமையலறை மேஜையில் கிடந்த றெக்கைத் துண்டின் மேல் அதை வைத்தாள். தண்ணீர் மெத்தென்று சாய்ந்து, மூக்கின் உருண்டைக்கு ஏற்றபடி வளைந்து, முதுகில் உட்காருகிற மாதிரியே உட்கார்ந்தது. அடியில் ஒரு துணியை வைத்து இழுத்துப் பார்த்தாள். அழுத்தினது அவள் கை இல்லை. பையின் கனம். கை சும்மா இழுத்தால் போதும். களைத்தால் என்ன, கோபம் வந்தால் என்ன, அந்தக் கனம் கூடப் போவதுமில்லை, குறையப் போவதுமில்லை.

“ஏங்க! அண்ணி! இங்க வாங்க எல்லாரும்!” என்று அவள் போட்ட கூச்சலில் அக்கா ஏதோ பற்றி எரிகிறது என்று வாளியைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தார். எண்ணெய் முதுகோடு ஏணியும் வந்து நின்றார்.

இன்ஜினியர் பெண்ணுக்கு விஷயம் சொன்னதும் பிடித்துக்கொண்டாள். “மணல் வச்சிருந்தீங்கன்னா வேண்டாம்னு சொல்லியிருப்பேன், கசிஞ்சா றெக்கை பூராக் கீறிடும். தண்ணி கசிஞ்சா என்ன, துடைக்கறதே தண்ணியிலதானே!” என்று குதித்தாள். பையில் எந்த அளவுக்குத் தண்ணீர் என்று கோடு போட்டுக் கொடுத்தாள். அலுமினியத்தில் வாய் திறந்த மாதிரி ஒரு சட்டம் வளைத்துக் கொண்டுவந்தாள். ஊசியக்கா அதற்கு மெத்தை தைத்தாள். மேல் மெத்தைக்குள் வெந்நீர்ப் பை. கீழ் மெத்தையை சைக்கிள் டியூப் ரப்பர் மேலே இழுத்துப் பிடிக்கும். முன்னால் மூக்கு போய் நன்றாகப் பதியும். பின்பக்கம் திறந்தே கிடக்கும், காதுக்குக் கொஞ்சம் முன்னாலேயே மெத்தை நின்றுவிடும். மிச்சத்துக்குத் தண்ணீரைப் பீய்ச்சினால் போதும், அங்கே உப்பு அவ்வளவு ஒட்டாது என்று இன்ஜினியர் பெண் சொல்லிவிட்டாள். சுருக்கமில்லாமல் இழுத்துத் தைத்தே பழகிய கைக்கு ஒரு பக்கத்தைத் திறந்து விடுவது பெரிய பாடாக இருந்தது. இரண்டு முறை தன்னையறியாமல் மூடித் தைத்துவிட்டுப் பிரித்தாள்.

“உங்க கை அங்க தூக்கிக்குது, என் கை இங்க மூடிக்குது. ஜாடிக்கேத்த மூடிதான் நாம” என்றாள் புருஷனிடம்.

ஏணியும் சும்மா இருக்கவில்லை. ஒரு நாள் காலையில் முகச்சவரம் செய்துகொண்டே, “றெக்கையை இழுத்துக் கட்டற பட்டை இருக்குல்ல, அதாலயே இதைச் சுத்திக் கட்டி வைக்கற மாதிரி தச்சுடு” என்றார்.

“என்னத்துக்கு?”

“இதை எடுக்கணும்னா முதல்ல பட்டையை அவிழ்க்கணும். அவிழ்த்த பட்டையைக் கையில வச்சுட்டு எவனும் சும்மா நிக்க மாட்டான், றெக்கையில மாட்டிக் கட்டிடுவான். அன்னிக்கு நான் மறந்தேன். இனிமே நான் மறந்தாலும் இது மறக்க விடாது.”

விழுந்த கதையை அவராக எடுத்துப் பேசியது அதுதான் முதல் தடவை. பாதி முகத்தில் சோப்பு நுரையோடு நின்றவரைப் பார்த்து ஊசியக்காவுக்கு நெஞ்சு நிறைந்துபோனது. உடனே பட்டைக்கு அளவெடுத்தாள்.

சோதிக்க வருகிறவர் வந்தார். கண்ணாடி போட்ட, அதிகம் பேசாத பெரிய மனுஷர். காலையிலேயே இரண்டு நடை பறந்து வந்து றெக்கைகளில் உப்பு வெள்ளையாகப் பூத்திருந்தது. ஏணி பட்டையை அவிழ்த்தார், றெக்கையில் மாட்டிக் கட்டினார். முக்காலியில் ஏறிச் சட்டத்தை நுனியில் கவ்வவிட்டார். இறங்கித் தரையில் நின்று தள்ளினார். ஊசியக்கா காதைப் பார்க்கவில்லை, பார்க்கத் தைரியமில்லை. ‘டக்’ என்று கேட்டுவிடுமோ என்று கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு நின்றாள். ஒன்றும் கேட்கவில்லை. ஈர மெத்தை வழுக்கிப் போகிற சத்தமும், சிமெண்டில் தண்ணீர் சொட்டுகிற சத்தமும்தான். ஒன்று, இரண்டு, மூன்று. நாலாவதில் ஏணி களைத்துத்தான் போனார், நெற்றியில் வேர்வை. மெத்தை களைக்கவில்லை.

இன்ஜினியர் பெண் மேலே ஏறி, ஒவ்வொரு றெக்கையையும் ஒரு புது வெள்ளைத் துணியால் தண்டிலிருந்து நுனி வரை ஒற்றி எடுத்தாள். துணிகளைக் கலைத்து மாற்றிக் கொடியில் மாட்டினாள். துணி ஆஸ்பத்திரித் துணி. கூடவே அதை வெளுக்கிற அக்காவும் வந்திருந்தார்.

“இதுல எது கடைசியாத் துடைச்ச றெக்கைன்னு சொல்ல முடியுமா?” என்றார் சோதிக்க வந்தவர்.

அக்கா முன்னால் போனார். வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார், மோந்து பார்த்தார், கட்டைவிரலால் தேய்த்துப் பார்த்தார். அந்தக் கண்ணுக்குத் தப்பிய கறை இன்று வரை கிடையாது. தன் தம்பி வேலை என்று விட்டுக்கொடுக்கிற ஆளும் இல்லை. ஊசியக்கா ஏணியின் சட்டையைப் பின்னாலிருந்து பிடித்துக்கொண்டாள்.

“தெரியலையே” என்றார் அக்கா கடைசியில், தோற்றுப்போன எரிச்சலோடு. “நாலும் ஒண்ணாத்தான் இருக்கு. எங்க வார்டுத் துணியெல்லாம் இந்த லட்சணத்துல வந்தா எனக்கு எதுக்கு வேலை?”

அவர் சிரிக்காமல் சொன்னதால் எல்லாரும் சிரித்தார்கள். சோதிக்க வந்தவர்கூட. கேப்டன் வண்டியை எடுத்துக்கொண்டு தீவு வரை போய் வந்தார். இறங்கியதும் நேரே ஏணியிடம் வந்து, “மடியில டீ வச்சிருந்தேன்யா. ஒரு சொட்டு சிந்தலை” என்று தோளில் தட்டினார். தட்டிய வேகத்தில் முதுகு வலித்தது, ஏணி சிரித்துக்கொண்டே தாங்கிக்கொண்டார்.

“றெக்கை இவர்கிட்டயே இருக்கட்டும்” என்றார் சோதிக்க வந்தவர். “அடுத்த வண்டிக்கும் இதே மாதிரி ஒண்ணு தச்சுக் குடுங்கம்மா.”

அன்றைக்குச் சாயங்காலம் வீட்டில் விருந்து மாதிரிதான் இருந்தது. பெரிய மீன், நிறைய ரொட்டி, அக்கா போட்ட டீயில் சர்க்கரை தாராளம். தெருவில் போகிறவர்கள் தலையை நீட்டி, “இனிமே உனக்கு என்னப்பா பேரு?” என்று கேலி செய்துவிட்டுப் போனார்கள். “ஏணிதான். வேணும்னா முக்காலின்னு கூப்பிடு” என்றார் அவர். இந்தக் கேலிக்குப் பயந்துதான் முன்பு கடல் சுவரில் போய் உட்கார்ந்திருந்தார்.

நாள் முழுக்க அண்ணாந்து நின்றதில் முதுகு பிடித்துக்கொண்டது. குப்புறப் படுத்தார். ஊசியக்கா எண்ணெய்க் கிண்ணத்தோடு வந்து உட்கார்ந்தாள்.

“பைக்கு எங்க போறது? அதான் ஷெட்ல தொங்குதே” என்றாள்.

“தொங்கட்டும்.”

தேய்க்கத் தொடங்கினாள். சலூன் நாற்காலி இன்னும் முடியவில்லை, அடுத்த வண்டிக்கு மெத்தை வெட்ட வேண்டும், எல்லாம் தலைக்குள் ஓடிக்கொண்டுதான் இருந்தது. ஆனாலும் கை பூ மாதிரி போய்க்கொண்டிருந்தது. நடுவில் அந்தக் ‘கால் ரெண்டும் என்னோடதே இல்ல’ ஞாபகம் வந்ததும் ஓரிடத்தில் அழுத்தி நின்றது, பிறகு மறுபடியும் லேசானது. ஏணி கண்ணை மூடிக்கொண்டு எல்லாவற்றையும் முதுகால் கேட்டுக்கொண்டு கிடந்தார்.

அப்போது அக்கா உள்ளே வந்தார். கையில் ஆஸ்பத்திரிக் கடைக் காகிதப் பொட்டலம்.

“இந்தாடா. உன் பையைத்தான் பிடுங்கிட்டாங்களே, வர்ற வழியில புதுசு ஒண்ணு வாங்கிட்டு வந்தேன். வெந்நீர் போடட்டுமா?”

“பிரிக்காதேக்கா” என்றார் ஏணி, தலையைத் தூக்காமலே. “அடுத்த வண்டிக்கு வேணும்.”